சிறுமலையில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி முகாம்: போகலாமா?

ஏழாவதுவார்டு | 10 ஜூலை 2023, இரவு 9.40

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தது. மூன்றரை வருடம் ஓடிவிட்டது. கூட்டத்துக்குப் போவேன், கையெழுத்துப் போடுவேன், டீ குடித்துவிட்டு வருவேன். உண்மையைச் சொன்னால் இதுதான் நான் பார்த்த பதவி.

இப்போது ஒரு அறக்கட்டளைக்காரர்கள் ஊராட்சி உறுப்பினர்களையும் மகளிர் குழுப் பெண்களையும் சேர்த்து சிறுமலையில் தலைமைப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். ஜூலை 22, 23. சனிக்கிழமை காலை போனால் ஞாயிறு சாயங்காலம் இறங்கிவிடலாம். 300 ரூபாய் கட்டணம், சாப்பாடும் தங்கலும் அதிலேயே அடங்கும். நோட்டீஸின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "துணைக்கு யாரும் வரக்கூடாது."

அங்கேதான் சிக்கல். வீட்டுக்காரர், "நானும் வந்து ரூமில் ஓரமா இருந்துக்கிறேன்" என்கிறார். மாமியார், "மீட்டிங்குக்குப் போறதே பெருசு, இதில ராத்தங்கல் வேறயா?" என்று இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளுக்கு 8 வயது, 5 வயது.

இந்த மாதிரி முகாமுக்கு யாராவது போயிருக்கிறீர்களா? என்ன செய்யச் சொல்வார்கள்? இவ்வளவு மல்லுக்கட்டிப் போகிற அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

நைட்ஷிப்ட் | 10 ஜூலை, இரவு 10.15

அக்கா, நான் ஐடி கம்பெனி. வருடத்துக்கு ஒருமுறை எங்களையும் ஈசிஆர் ரிசார்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், தலைமைப் பண்பு வளர்க்க. கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாயச் சொன்னார்கள், கூட வேலை பார்ப்பவர் பிடித்துக்கொள்வாராம், நம்பிக்கை வளருமாம். எனக்குப் பின்னால் நின்றவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் இடுப்பில் மூவ் தடவினேன். அடுத்த வருடம் செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டினோம். திங்கட்கிழமை போனால் அதே மேனேஜர், அதே அப்ரைசல்.

ஆனால் மதியச் சாப்பாடு அருமையாக இருக்கும். போய்ட்டு வாங்க.

பழையதீர்மானம் | 11 ஜூலை, காலை 6.05

அம்மா, நான் ஊராட்சி செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் டி.கல்லுப்பட்டி ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள். காலையில் வகுப்பு, நடுவில் டீயும் வடையும், சாயங்காலம் பயணப்படிக்குக் கையெழுத்து. சட்டம், பதிவேடு, வரி எல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர்கள் பேசுவார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

கணவர் வரக்கூடாது என்ற வரிக்காகவே நீங்கள் போக வேண்டும். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தபோது நான் வேலை பார்த்த ஊராட்சியிலும் ஒரு அம்மா தலைவரானார். ஐந்து வருடத்தில் அவர் அலுவலகத்துக்கு வந்தது எனக்கு நினைவிருக்கும்படி நான்கு முறை. நான் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன், வீட்டுக்காரர் படித்துப் பார்ப்பார், அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவார். அதற்கு நானும் உடந்தைதான். 2016இல் சட்டம் திருத்திப் பாதி இடம் பெண்களுக்கு என்றார்கள். புத்தகம் வீட்டுக்குப் போவது நின்றதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது கடைசி கிராம சபைத் தீர்மானத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக்கணக்கு | 11 ஜூலை, காலை 11.30

நான் மகளிர் குழுக் கூட்டமைப்பில் இருக்கிறேன். இந்த மாதிரி இரண்டு முகாம் போயிருக்கிறேன், ஒன்று ஏலகிரி, ஒன்று காந்திகிராமத்தில். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். காலையில் இட்லிக்கு மேல் எதுவும் வேண்டாம். ஸ்வெட்டர், டார்ச், சொந்தப் போர்வை, மாத்திரை இருந்தால் மாத்திரை. ஒரு அறையில் நாலு பேர் படுக்க வேண்டியிருக்கும், சார்ஜர் போட ஒரே ஒரு பிளக்தான் இருக்கும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

வெள்ளிக்கிழமையே மாவு ஆட்டி வைத்துவிடுங்கள். மாமியாரிடம் பொய் சொல்ல வேண்டாம், பின்னால் தெரிந்தால் அடுத்த முறை வாசலைத் தாண்ட முடியாது. முதல் நாள் ராத்திரி பையன் போனில் அழுதபோது இறங்கி ஓடிவிடலாமா என்றுதான் எனக்கும் இருந்தது. மறுநாள் சாயங்காலம் அப்படி இல்லை.

வட்டமாஉட்காருங்க | 11 ஜூலை, இரவு 8.50

நான் பயிற்சியாளர். இந்த அறக்கட்டளையில் இல்லை, வேறு இடங்களில் பதினைந்து வருடமாக இதே வேலை. துணைக்கு ஏன் யாரும் வரக்கூடாது என்றால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை கணவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் தங்கவைத்தோம். கேள்வி கேட்டால் பெண்கள் பேசுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை போய்வரும். அதற்கப்புறம் அந்த வரி நோட்டீஸில் ஏறியது.

ராத்தங்கல் ஏன் என்று உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். பகலில் வகுப்பில் வராத பேச்சு ராத்திரி பாயில் படுத்த பிறகு வரும். நாங்கள் போடும் அட்டவணையில் அது கிடையாது.

நைட்ஷிப்ட் தம்பி, பின்னால் சாயும் விளையாட்டை நாங்களும் வைத்திருந்தோம். விட்டுவிட்டோம். நூறு நாள் வேலையில் ஏற்கெனவே இடுப்பு போன பெண்கள்.

ஏழாவதுவார்டு | 17 ஜூலை, இரவு 10.05

பணம் கட்டிவிட்டேன். வீட்டுக்காரர் பழையதீர்மானம் ஐயா எழுதியதைப் படித்தார். "என்னையும் அந்த மாதிரி ஆள்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடுகிறேன் என்றார்.

ஏழாவதுவார்டு | 25 ஜூலை, இரவு 11.20

போய்ட்டு வந்துவிட்டேன். பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் பதினோராவது வளைவு வரைக்கும் தாங்கினேன். எலுமிச்சம்பழம் சொன்ன அக்காவுக்குக் கோடி புண்ணியம். மேலே போனால் ரோட்டோரம் வாழைத்தார் சுமக்கிற குதிரைகள் நின்றன. ஊரில் சிறுமலைப் பழம் என்று கேட்டுக் கேட்டு வாங்குவோம், அது குதிரை முதுகில் வருகிறது என்று இதுவரை நான் யோசித்ததில்லை.

மொத்தம் 31 பேர், பத்துப் பன்னிரண்டு ஆண்கள். மதுரை, சிவகங்கை மாவட்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். முதலில் அறிமுகம். கணவர் பெயர், அப்பா பெயர், பதவி, ஊர் எதையும் சொல்லாமல் ஒரு நிமிடம் உங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எழுந்து நின்றேன். பெயரைச் சொன்னேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளைப் பற்றியும் சொல்லக் கூடாதா என்று கேட்டேன், கூடாது என்றார்கள். கடைசியில், "எனக்கு சைக்கிளில் டபுள்ஸ் வைத்து ஓட்டத் தெரியும்" என்றேன். கை தட்டினார்கள். எனக்கு ஏன் அதைச் சொல்லத் தோன்றியது என்று இன்னமும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே இல்லை.

மதியம் கோலமாவில் அவரவர் ஊரைத் தரையில் வரையச் சொன்னார்கள். நான் கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, கண்மாய் எல்லாம் போட்டேன். எங்கள் தெருவில் திண்ணை வைத்த வீடுகளைக்கூட விடவில்லை. பயிற்சி கொடுத்த அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, "ஊரில எல்லாரும் இதுக்குள்ள இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அப்புறம்தான் பார்த்தேன், காலனியைப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கிற அளவுக்கு அது ஒன்றும் சின்ன இடமில்லை. 64 வீடு. எனக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூட அங்கே உண்டு, வார்டில் பாதி அதுதான். கோலமாவை எடுத்து ஓரத்தில் சேர்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம்தான் அந்த விளையாட்டு. எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள், உங்களுக்குப் பொருந்தினால் ஓரடி முன்னால் வைக்க வேண்டும். "உங்கள் வீட்டில் வண்டி இருந்தால்." "உங்கள் அம்மா பள்ளிக்கூடம் போயிருந்தால்." "ஊர்க் கோயிலுக்குள் போக உங்களை யாரும் தடுக்காமல் இருந்தால்." "டீக்கடையில் உங்களுக்கு என்று தனி டம்ளர் வைத்தது இல்லை என்றால்." இப்படி இருபது வரி. முடிந்ததும், இருந்த இடத்திலேயே நின்று திரும்பிப் பாருங்கள் என்றார்கள்.

நான் முன்னால் மூன்றாவது ஆளாக நின்றேன். திரும்பினால் கோட்டை ஒட்டியே ஒரு அக்கா நின்றார். சிவகங்கைப் பக்கம் ஓர் ஊராட்சியில் துணைத் தலைவர். இருபது வரியில் இரண்டுக்கு மட்டும் நகர்ந்திருப்பார். எங்களில் நாலைந்து பேருக்கு அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன். பிறகு வட்டமாக உட்கார்ந்து, எப்படி உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவராகப் பேசினோம். அந்த அக்கா, "ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது" என்றார். ராத்திரி சாப்பிட வரவில்லை.

அவர் எங்கள் அறைதான். ஒரு தட்டில் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனேன். சாப்பிட்டார். விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் அவரே பேச்சை எடுத்தார்.

"நான் பின்னால நிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? அதை முப்பது பேருக்குத் திருப்பிக் காட்டணுமா? அழுதீங்க, சரி. அழுதவங்களுக்கெல்லாம் மனசு லேசாகியிருக்கும். எனக்கு?"

நான் என்ன சொல்வது? மன்னிச்சிருங்கக்கா என்றேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. "அதை விடு. உங்க ஊர்க் காலனிக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி விடுறாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்றரை வருடமாக அந்த வார்டின் உறுப்பினர் நான்.

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு ஒரு மணி வரைக்கும் அவர் ஊராட்சியில் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை வைத்து அவர் எப்படி ஒவ்வொரு பில்லையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார் என்று சொன்னார். பில்லைக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால், பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பாராம். அந்த ராத்திரியில் கற்றுக்கொண்டதை இந்த மூன்றரை வருடத்தில் கற்றுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை மாதிரி கிராம சபை, எனக்குப் பற்றாளர் வேடம், அதாவது சபையைக் கவனிக்க வருகிற அதிகாரி. மதியம் சான்றிதழ், குரூப் போட்டோ. அதையெல்லாம் எழுத இப்போது கை வரவில்லை.

தெற்குத்தெருக்காரன் | 26 ஜூலை, காலை 7.15

அக்கா, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உங்கள் மேல் இல்லை, அந்த விளையாட்டை வைத்தவர்கள் மேல்.

இது எங்கிருந்தோ வந்த விளையாட்டு. ஒருவரை ஒருவர் தெரியாத கல்லூரிப் பிள்ளைகளை நிறுத்திச் செய்திருப்பார்கள். நம் ஊரில் ஒருவர் பின்னால் நிற்பது யாருக்குத் தெரியாது? மேலவளவில் தனித் தொகுதி ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனையும் கூட வந்தவர்களையும் 1997 ஜூனில் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் பத்து வருடம் யாரையும் நிலைக்க விடவில்லை, 2006இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவராக இருந்த பெண்ணையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்தது, மற்றவர்கள் நாற்காலியில். இவ்வளவும் தெரிந்த ஊரில், அடி வைத்துக் காட்டச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த அக்கா அங்கே போனது கற்றுக்கொள்ள. கடைசியில் மற்றவர்களுக்குப் பாடப் புத்தகமாகிவிட்டார். அதற்கு அவரிடமே 300 ரூபாய் வேறு வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். "காலனி" என்று எழுதுகிறீர்கள். அந்தத் தெருவுக்குப் பெயர் இருக்கும்.

ஏழாவதுவார்டு | 26 ஜூலை, மதியம் 1.10

இருக்கிறது தம்பி. அம்பேத்கர் தெரு. ரேஷன் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். வாயில் வருவதில்லை. இனிமேல் எழுதுகிறேன்.

வட்டமாஉட்காருங்க | 26 ஜூலை, இரவு 9.30

தெற்குத்தெருக்காரன் சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன், ஒருமுறை இல்லை.

இதை வேறு மாதிரி செய்ய வழி இருக்கிறது. அவரவர் வாழ்க்கையை வைத்து நிற்கச் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுப்போம். ஒரு சீட்டில் "செங்கல் சூளையில் வேலை செய்யும் பதினான்கு வயதுப் பெண்", இன்னொன்றில் "ஒன்றியக் கவுன்சிலரின் மகன்", வேறொன்றில் "கணவரை இழந்த, கண் பார்வை குறைந்த பாட்டி". அந்த ஆளாக நினைத்து அடி வைக்க வேண்டும். சீட்டில் உள்ளவர் பின்தங்குவார், நின்றவருக்கு அவமானம் வராது. முடிந்த பிறகு, தானாக யாராவது சொந்தக் கதையைச் சொன்னால் சொல்லட்டும்.

ஆனால் முழுக்க வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். கோலமாவு வரைபடத்தில் ஏழாவதுவார்டு அந்தத் தெருவை விட்டதை யாரும் வகுப்பெடுத்துப் புரியவைத்திருக்க முடியாது. கையால் வரைந்து, கண்ணால் பார்த்ததால்தான் அது உறைத்தது.

தெற்குத்தெருக்காரன் | 26 ஜூலை, இரவு 10.45

சார், வரைபடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதில் அம்பலப்பட்டது, விட்டவர். அடி வைப்பதில் அம்பலப்பட்டது, விடப்பட்டவர். இரண்டும் ஒன்றா?

சீட்டு முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. மேலத்தெருவில் பிறந்தவர் பத்து நிமிடம் சீட்டைப் பிடித்துக்கொண்டு செங்கல் சூளைப் பெண்ணாக நின்றுவிட்டு, "இப்போ எனக்கு உங்க கஷ்டம் புரியுது" என்பார். அதைக் கேட்பதற்கு நான் கோட்டிலேயே நின்றுகொள்கிறேன்.

குழுக்கணக்கு | 27 ஜூலை, காலை 10.20

தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ 1996இலிருந்து 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்தபோது, ஒரே சுவரின் அந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், இந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம் என்று இரட்டை வீடு கட்டினார்கள். விளையாட்டில்லை, நிஜச் சுவர். அந்த மாதிரி செய்ய வேண்டும் என்றால் முதலில் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்துப் பேசியாவது பழக வேண்டாமா? ஏழாவதுவார்டு அந்த அக்காவோடு ஒரே அறையில் படுத்திருக்கிறார். ஊரில் அது நடக்குமா?

தெற்குத்தெருக்காரன் | 27 ஜூலை, மதியம் 2.00

நடக்காது. அதனால்தான் கேட்கிறேன், மலையிலிருந்து இறங்கிய பிறகு என்ன நடந்தது?

நைட்ஷிப்ட் | 27 ஜூலை, இரவு 11.50

கிண்டல் செய்து எழுதிய முதல் ஆள் நான். இதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொள்கிறேன். எங்கள் ரிசார்ட்டில் டீ கொண்டுவந்து வைத்த பையனிடம் நாங்கள் யாரும் பெயரே கேட்டதில்லை. இத்தனைக்கும் மூன்று வருடமும் அதே பையன்.

பழையதீர்மானம் | 28 ஜூலை, காலை 5.50

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. ஏழாவதுவார்டு அம்மா, சண்டையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அம்பேத்கர் தெருவில் கடைசி வீட்டுக் குழாய் எது என்று பாருங்கள். தண்ணீர் விடும் நாளில் போய் நின்று, ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வால்வு திறந்திருக்கிறது என்பதும் வேண்டும். "தண்ணீர் வரவில்லை" என்று சபையில் சொன்னால், "வருது" என்பார்கள், முடிந்தது. கணக்கோடு போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 64 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 256 பேர், 14,080 லிட்டர். உங்கள் தொட்டி எத்தனை லிட்டர்?

ஏழாவதுவார்டு | 2 ஆகஸ்ட், இரவு 9.15

தொட்டி 30,000 லிட்டர்.

இன்று காலை போனேன். அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போனது, அதற்கு அடுத்து இன்றுதான். கடைசி வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்ததும், "தேர்தலா?" என்று கேட்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். 20 நிமிடம். ஒவ்வொரு வீட்டுக்கும் நீலக் குழாய் போட்டிருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. கடைசி வீட்டில் 15 லிட்டர் குடம் நிரம்ப மூன்று நிமிடம். இருபது நிமிடத்துக்கு ஆறு, ஏழு குடம். அதாவது 100 லிட்டர், அதுவும் இரண்டு நாளைக்கு. எங்கள் தெருவில் தினமும் ஒன்றரை மணி நேரம் வருகிறது. நான் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரே மூன்று குடம் இருக்கும்.

பாட்டி டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் அது ஒரு மாதிரி, எழுதினால் பெரிய சாதனை மாதிரி இருக்கிறது.

தெற்குத்தெருக்காரன் | 2 ஆகஸ்ட், இரவு 9.40

எழுதியதும் சரிதான், கூச்சப்பட்டதும் சரிதான். தண்ணீர் விஷயத்தைப் பாருங்கள்.

பழையதீர்மானம் | 3 ஆகஸ்ட், காலை 6.10

நல்ல கணக்கு. இன்னும் மூன்று விஷயம். ஒன்று, ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். தண்டோரா வேண்டாம் என்று போன வருடம் அரசு சொல்லிவிட்டதால் ஆட்டோவில் மைக் கட்டி வருவார்கள், அம்பேத்கர் தெருவுக்குள் ஆட்டோ போகிறதா என்று கவனியுங்கள். இரண்டு, உங்கள் ஊர் மக்கள்தொகை 3,000த்தைத் தாண்டினால் 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது சபை செல்லும். எண்ணிப் பாருங்கள். மூன்று, இதுதான் முக்கியம். வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, அடியில் ஒரு கோடு போட்ட பிறகு அதற்குக் கீழே கையெழுத்து. வெறும் பக்கத்தில் வாங்கிய கையெழுத்துக்கு மேலே என்னவெல்லாம் எழுதலாம் என்று எனக்குத் தெரியும், நானே எழுதியிருக்கிறேன்.

வட்டமாஉட்காருங்க | 3 ஆகஸ்ட், இரவு 8.20

ஐயா, அடுத்த முகாமுக்கு உங்களை அழைக்கலாமா? நிஜமாகத்தான் கேட்கிறேன். அடி வைக்கிற விளையாட்டுக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பழையதீர்மானம் | 4 ஆகஸ்ட், காலை 5.45

18 வளைவு இல்லாத இடமாகப் பாருங்கள். எனக்கும் வாந்தி வரும்.

ஏழாவதுவார்டு | 16 ஆகஸ்ட், இரவு 10.30

நேற்று கிராம சபை. பதினோரு மணிக்கு 140 பேர். நூறு நாள் வேலைக்காரர்களை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், அதற்கப்புறம் 200 தாண்டியது. ஆட்டோ அம்பேத்கர் தெருமுனை வரைதான் போயிருக்கிறது, உள்ளே போகவில்லை. ஆனாலும் பாட்டி வந்துவிட்டார், கூட இருபது பெண்கள்.

நான் எழுந்ததும் தலைவரம்மாவின் வீட்டுக்காரர், "என்னம்மா, என்ன வேணும்?" என்று கேட்டார். பற்றாளராக வந்தவர் சின்ன வயதுப் பெண். "தலைவரே பதில் சொல்லட்டும் சார்" என்றார். மலையில் எனக்கு இதே வேடத்தைக் கொடுத்தபோது நான் இந்த வரியைச் சொல்லத் திணறினேன், அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

குடம், நிமிடம், லிட்டர் எல்லாம் படித்தேன். குரல் நடுங்கியது. தலைவரம்மா மோட்டார் பழுது என்றார். அப்போது பின்னால் நின்ற டேங்க் ஆபரேட்டர், வயசானவர், யாரும் கேட்காமலே, "மோட்டாருக்கு ஒன்னுமில்ல. அந்த வால்வை இருவது நிமிசம்தான் தெறக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

யார் சொன்னது என்று பற்றாளர் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம்தான்.

தீர்மானத்தில், "குடிநீர் சீராக வழங்க ஆவன செய்யப்படும்" என்று எழுதினார்கள். அது போதாது, தினமும் ஒரு மணி நேரம் என்று எழுதுங்கள் என்றேன். பேரம் நடந்தது. கடைசியில் "நாள்தோறும் 45 நிமிடம், ஒரு மாதம் பார்த்துவிட்டு மறுபரிசீலனை" என்று எழுதிக் கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கீழே போட்டேன் கையெழுத்து. பாட்டி கைநாட்டு வைத்தார்.

எங்கள் தெருக்காரர்கள் ஒன்பது பேர் சபையில் இருந்தார்கள். நம் தண்ணீரில் கை வைக்கிறாள் என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். மாமியார் மறுபடியும் பேசுவதில்லை. வீட்டுக்காரர் ராத்திரி, "தொட்டியை இன்னொரு தரம் ஏத்தினா ரெண்டு பக்கமும் சரியாப்போயிரும், கரண்ட் பில்தான் கூட வரும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

சிவகங்கை அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னைக்கு எத்தனை நிமிசம் வந்துச்சு, போய்ப் பாத்தியா?" என்றார்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். 35 நிமிடம்.

தெற்குத்தெருக்காரன் | 16 ஆகஸ்ட், இரவு 11.05

பத்து நிமிடம் எங்கே அக்கா?

பழையதீர்மானம் | 17 ஆகஸ்ட், காலை 5.40

தீர்மான நகல் வாங்கினீர்களா?

ஏழாவதுவார்டு | 17 ஆகஸ்ட், காலை 7.25

இன்றைக்குப் போகிறேன் ஐயா. பத்து நிமிடத்தை ஆபரேட்டரிடம் கேட்டுவிட்டு அப்படியே அலுவலகம். வண்டி வீட்டுக்காரருக்கு வேண்டுமாம், பையனுடைய பெரிய சைக்கிளைக் கேட்டிருக்கிறேன்.